ஆறாயிரத்து அறுநூற்று அறுபத்தாறாம் கதவு

எந்த அலுவலகத்திலாவது 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கும். அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஏதாவது செய்து வைத்துவிட்டு, வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பழியைப் பெட்டியின் மேல் போட்டிருப்பார். பெட்டிக்கு வாய் கிடையாது என்பது எங்கள் தொழிலில் பெரிய வசதி. நானும் ஒரு திங்கட்கிழமை காலையில் அப்படி ஒரு பழியைப் போட்டேன். ஏறக்குறைய மூன்று வருஷம் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. உப்பளத்தில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் வேலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், பாதிக் குடும்பம் இங்கேயும் பாதிக் குடும்பம் பிரான்சிலும் இருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் கல்யாணச் சான்றிதழ் என்று ஏதாவது ஒரு தாளைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கோ பிரெஞ்சிலிருந்து தமிழுக்கோ மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். முதலாளி பெயர் பெர்னார். நாங்கள் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். வயது அறுபதுக்கு மேல். ஒரு கமா இடம் மாறி விழுந்தாலும் முழுத் தாளையும் மறுபடி அடிக்கச் சொல்கிற ஆள்.

நான் டைப்பிங் வேலைக்குத்தான் சேர்ந்தேன். ஒருநாள் பிரிண்டரில் சிக்கிக்கொண்ட காகிதத்தைக் கிழியாமல் வெளியே எடுத்தேன். அன்று முதல் அந்த அலுவலகத்தின் சிஸ்டம் அட்மின் நான்தான். (அப்படி யாரும் அறிவிக்கவில்லை. நானே மனதுக்குள் போர்டு எழுதி மாட்டிக்கொண்டேன்.)

எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் ரமேஷ் அண்ணன். ரெட்டியார்பாளையத்தில் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். எங்கள் சர்வரை அமைத்துக் கொடுத்தவரே அவர்தான். ஏதாவது சிக்கல் என்றால் முசே போன் போடுவார், அண்ணன் பைக்கில் வந்து சரிசெய்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாடு என் கௌரவத்துக்கு இடைஞ்சலாக இருந்தது. "எதுக்கு முசே சும்மா சும்மா அவர வர வைக்கணும்? இனிமே நானே பாத்துக்கறேன்" என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். முசே என்னை ஒரு தடவை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். சரி என்றார்.

அந்த சர்வர் என்ன செய்தது என்று சொல்லிவிடுகிறேன். அலுவலகத்துக்கு வந்த, அங்கிருந்து போன ஒவ்வொரு மெயிலையும், அதோடு இணைத்து வந்த ஒவ்வொரு தாளின் படத்தையும் பத்திரமாக எடுத்து அடுக்கி வைக்கிற மென்பொருள் ஒன்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மெயில் பெட்டியில் ஒரு வருஷத்துக்கு மேல் பழையது எதுவும் நிற்காது. இந்தக் களஞ்சியத்தில் மட்டும் பத்து வருஷத்துக் காகிதம் கிடந்தது. பிரவுசரைத் திறந்து, சர்வரின் பெயரை அடித்து, பக்கத்தில் ஒரு எண்ணைப் போட்டால் தேடுகிற பக்கம் வரும். அந்த எண்ணுக்குப் பெயர்தான் போர்ட். ஒரே கட்டடத்தில் பல கவுண்ட்டர் இருந்தால் எந்தக் கவுண்ட்டரில் போய் நிற்கவேண்டும் என்று சொல்வது போல.

பாரிசிலிருந்து எங்களுக்கு வேலை அனுப்புகிற ஒரு கம்பெனி அந்த வருஷம் ஒரு கடிதம் போட்டது. உங்கள் களஞ்சியத்தில் எங்கள் வாடிக்கையாளர்களின் தாள்கள் இருக்கின்றன. அதை எச்டிடிபி வழியாகத் திறக்கிறீர்கள், அது நடுத்தெருவில் உரக்கப் பேசுவது மாதிரி, போகிற வருகிறவன் எல்லாம் கேட்பான். காதோடு காதாகப் பேசுகிற எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறுங்கள். எல்லாருக்கும் தெரிந்த போர்ட் எண்ணையும் மாற்றுங்கள். இதுதான் சாரம். முசே கடிதத்தை என் மேஜையில் வைத்தார்.

"ரமேஷக் கூப்பிடட்டுமா?"

"வாணாம் முசே. ஒரு டிக் அடிக்கணும், ஒரு நம்பர் மாத்தணும். அவ்ளோதான்."

உண்மையிலேயே அவ்வளவுதான். நான் சொன்னதில் தப்பே இல்லை.

எந்த எண் போடுவது என்பதில்தான் எங்கள் குடும்பம் உள்ளே வந்தது. எங்கள் அப்பா பாகூர் பக்கத்தில் விவசாயம். கொஞ்ச நாளாக டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேன் வேலையும் பார்க்கிறார். அவருக்குக் கடவுள் நம்பிக்கை ஓரளவுக்குத்தான். ஆனால் ஆறாம் எண் மேல் முழு நம்பிக்கை. நான் பிறந்தது இருபத்து நாலாம் தேதி. இரண்டும் நாலும் ஆறு. அதனால் என் போன் எண்ணைக் கூட்டினால் ஆறு, வண்டி எண்ணைக் கூட்டினால் ஆறு. ஒரு பரீட்சைக்குக் கொடுத்த எண் கூட்டினால் எட்டு வந்தது என்று அதை எழுதவே விடவில்லை. (அந்தப் பரீட்சையில் நான் பாஸாகியிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். பழி எட்டுக்குப் போய்விட்டது.)

நான் படித்தவள், இதையெல்லாம் நம்பாதவள் என்றுதான் வெளியே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் கட்டத்தில் ஒரு எண் அடிக்கச் சொல்லிக் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்போது, கூட்டினால் ஆறு வருகிற மாதிரி அடித்தால் யாருக்கு நஷ்டம்? ஒரு ஆறு போதாது என்று நாலு ஆறாகப் போடுவதென்று முடிவு செய்தேன். 6666. கூட்டினால் இருபத்து நாலு, என் பிறந்த தேதி. அதையும் கூட்டினால் ஆறு. அப்பாவே இதைவிட நல்ல எண்ணைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சனிக்கிழமை முசேயிடம் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மூணு ஆறு ஒண்ணா வந்தா எங்க வேதத்துல அது சாத்தான் நம்பரும்மா."

"மூணு இல்ல முசே. நாலு."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நாலு ஆறைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. "சரி. திங்கக்கெழம எட்டு மணிக்கே வந்து மாத்திடு. ஆளுங்க வர்றதுக்குள்ள சரியா இருக்கான்னு பாத்துக்கலாம்" என்றார்.

அன்று சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் ஒரு போன் வந்தது. மதாம் செசீல் என்று ஒரு அம்மா, எங்கள் அலுவலகத்துக்கு நாலு தெரு தள்ளித் தனியாக இருப்பவர். அவருடைய தம்பி லூயி பிரான்சில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மோசமாக இருக்கிறது, டாக்டர்கள் நாள் கணக்கு சொல்லிவிட்டார்கள். இவர் உடனே போயாகவேண்டும். விசா அலுவலகத்தில் திங்கட்கிழமை பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். எல்லாத் தாளும் இருக்கிறது. லூயி தன் கூடப்பிறந்தவர் என்று காட்டுகிற தாள் மட்டும் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் காலத்தில் குடும்பத்துக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்திருந்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் பெயர் எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். மதாம் வீட்டுப் புத்தகம் ஒரு புயலில் அலமாரியோடு நனைந்து கூழாகிவிட்டது. ஆனால் எட்டு வருஷம் முன்பு வேறொரு வேலைக்காக அதைப் படம் எடுத்து எங்களுக்கு மெயிலில் அனுப்பியிருந்தார்.

"அது இருக்குமாம்மா?" என்றார்.

"கண்டிப்பா இருக்கும். திங்கக்கெழம பத்து மணிக்கு வாங்க. ரெண்டு நிமிஷ வேல மதாம்" என்றேன்.

அன்றைக்கே தேடி எடுத்து அச்சடித்து வைத்திருக்கலாம். உண்மையிலேயே இரண்டு நிமிஷ வேலைதான். கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டேன், அதனால் செய்யவில்லை. இதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் கிடையாது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம். (நம்பாதவள்தான். இருந்தாலும்.) ஒன்பது அடித்துப் பத்து நிமிஷம் ஆனதும் மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். எச்டிடிபிஎஸ் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பழைய வழியை அடைத்துவிடவா என்று கேட்டது. அடை என்றேன். போர்ட் என்ற இடத்தில் நாலு ஆறு அடித்தேன். சேமித்தேன். சர்வர் தன்னைத்தானே நிறுத்தி மறுபடி கிளம்பியது. ஒரு பிழை, ஒரு எச்சரிக்கை எதுவும் காட்டவில்லை.

புதிய முகவரியை அடித்தேன். பக்கம் திறக்கவில்லை.

இந்தப் பக்கத்தை அடைய முடியாது என்று பிரவுசர் சொன்னது. கீழே பொடி எழுத்தில், பாதுகாப்பில்லாத போர்ட் என்று ஒரு வரி. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். புதிதாக எச்டிடிபிஎஸ் போட்டால் பிரவுசர் ஆரம்பத்தில் இப்படிப் பயமுறுத்தும், ஓரத்தில் 'பரவாயில்லை, உள்ளே போ' என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் போதும் என்று எங்கேயோ படித்திருந்தேன். பொத்தானைத் தேடினேன். அந்தப் பக்கத்தில் பொத்தானே இல்லை. வேறு பிரவுசரில் திறந்தேன். அதிலும் அதே கதை. போனில் திறந்தேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். சர்வரை அணைத்துப் போட்டேன். திரும்பப் பழைய எண்ணுக்கே போய்விடலாம் என்றால், எண்ணை மாற்றுகிற அந்த நிர்வாகப் பக்கமும் அதே கதவுக்கு உள்ளேதான் இருந்தது. வீட்டைப் பூட்டி சாவியை உள்ளே போட்டவளாக நின்றேன்.

சரியாகப் பத்து மணிக்கு மதாம் செசீல் வந்தார். சாம்பல் நிறப் புடவை, மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் எல்லாத் தாளும் வரிசையாக. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஆயிடிச்சாம்மா?"

"சிஸ்டம் கொஞ்சம் ரிப்பேர் மதாம். அப்டேட் ஆயிட்டிருக்கு. இதோ வந்துடும்."

அடுத்த அறையிலிருந்து முசே எட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியா கலை?" என்றார். "சரி முசே" என்றேன். அந்த நிமிஷத்தில் 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ரமேஷ் அண்ணனுக்குப் போன் போட்டிருப்பார். அண்ணன் பத்தே முக்காலுக்குள் வந்திருப்பார். நான் சொல்லவில்லை. நாற்பது நிமிஷம், திறக்காத ஒரு பக்கத்தின் முன்னால் உட்கார்ந்து, வேலை செய்கிறவள் மாதிரி கீபோர்டில் எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

மதாம் அந்த நேரம் முழுக்கத் தம்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பயத்தில் சிலர் பேசுவார்கள் இல்லையா, அப்படி.

"அவன் ஒரு சிரிப்பாணிப் பய. யாராவது வழுக்கி வுழுந்தா, தூக்கிவிட நாங்க ஓடுவோம். அவன் நின்ன எடத்துல வயித்தப் புடிச்சிக்கினு சிரிப்பான். எங்கப்பா சாவுக்கு மாதா கோயில்ல பூச நடக்குது, சாமியார் எங்கப்பா பேருக்குப் பதிலா பக்கத்து ஊட்டுக்காரர் பேரச் சொல்லிட்டாரு. அந்த ஆளு மூணாவது பெஞ்சில உக்காந்திருக்காரு. லூயி சிரிச்சிட்டான். எங்கம்மா ஆறு மாசம் அவங்கூடப் பேசல."

நான் "ஓ" என்றேன். மணி பத்தே முக்கால்.

"நேத்து போன்ல மூச்சு வாங்குது. ஆனாலும் பேசுறான்" என்றார் மதாம். உறையைத் திறந்து தாள்களை மறுபடி எண்ணிப் பார்த்தார்.

அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. முசேயின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு, "முசே, ரமேஷ் அண்ணனக் கூப்பிடுங்க" என்றேன். அழுதுவிட்டேன் என்றும் எழுதவேண்டும். அவர் எண்ணைப் போட்டு போனை என் கையில் கொடுத்தார்.

"என்னா போர்ட் குடுத்த?" என்றார் ரமேஷ் அண்ணன்.

"ஆறாயிரத்து அறநூத்து அறுவத்தாறு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"ஏம்மா?"

"கூட்டினா ஆறு வரும்ண்ணா."

கடையில் யாரோ கேபிள் விலை கேட்பது கேட்டது.

"ஒலகத்துல அறுவத்தஞ்சாயிரம் போர்ட் கெடக்கு. அதுல கொஞ்சூண்டு நம்பர எந்தப் பிரவுசரும் தொடாது. ஒரு காலத்துல வேற வேலைக்கு வச்சிருந்த நம்பருங்க, அது வழியா தப்புத்தண்டா நடக்குதுன்னு உள்ள போவவே கூடாதுன்னு தட போட்டு வச்சிருக்கான். நீ தேடிப் போயி அதுல ஒண்ணப் புடிச்சிருக்க. சர்வர் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கும். கதவு தெறந்துதான் கெடக்கும். உங்க பிரவுசருதான் அந்தப் பக்கமே போவாது."

"இப்ப என்னண்ணா பண்றது?"

"சர்வர்ல நேரா ஒரு மானிட்டர், கீபோர்டு மாட்டு. பாஸ்வேர்டு போட்டு உள்ள போயி ஃபைல்ல நம்பர மாத்திடலாம், நான் சொல்றேன். பாஸ்வேர்டு சர்வர் முதுவுல ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன் பாரு."

இந்த இடத்தில் இரண்டு வாரம் பின்னால் போகவேண்டும். ஆயுத பூஜை. எல்லாக் கம்ப்யூட்டரையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். சர்வரின் முதுகில் ஏதோ பழைய அழுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு இருந்தது. கிறுக்கலாக ஏதோ எழுத்து. தண்ணீர் தொட்டு, ஸ்கேலால் சுத்தமாகச் சுரண்டி எடுத்தேன். சந்தனம் வைக்க அந்த இடம்தான் அகலமாக இருந்தது.

"ஸ்டிக்கர் இல்லண்ணா" என்றேன்.

"எங்க போச்சி?"

"சந்தனம் வச்சிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பாஸ்வேர்டு எனக்கு வாயில வராது, கீபோர்டுல கைய வச்சாத்தான் வரும். நானே வர்றேன்" என்று போனை வைத்துவிட்டார்.

ரெட்டியார்பாளையத்திலிருந்து உப்பளத்துக்கு அந்த நேரத்தில் பைக்கில் வருவது என்றால் எல்லாச் சிக்னலிலும் நின்றுதான் வரவேண்டும். நான் வாசலில் நின்று சாலையைப் பார்த்தேன். உள்ளே போய் மதாமின் முகத்தைப் பார்த்தேன். மறுபடி வாசல். மதாம் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார், கையில் ஜெபமாலை வந்திருந்தது. பதினொன்று இருபத்தைந்துக்கு அண்ணன் வந்தார். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை. மானிட்டரை மாட்டினார், விரல்களைக் கீபோர்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். முதல் தடவை தப்பு. இரண்டாவது தடவை உள்ளே போய்விட்டார். ஒரு ஃபைலைத் திறந்து என் நாலு ஆறையும் அழித்து 8443 என்று அடித்தார். (மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஒன்று வந்தது. வாயைத் திறக்கவில்லை.) பிரவுசர் அடம்பிடித்தது, இந்தத் தடவை 'பரவாயில்லை, உள்ளே போ' என்ற பொத்தானும் இருந்தது. களஞ்சியம் திறந்தது. செசீல் என்று தேடினேன். எட்டு வருஷம் முந்தைய மெயில். குடும்பப் புத்தகம். அப்பா, அம்மா, முதல் பிள்ளை செசீல், இரண்டாவது பிள்ளை லூயி. அச்சடித்துக் கையில் எடுத்தபோது மணி பதினொன்று முப்பத்து நாலு. தேடியதிலிருந்து தாள் வந்தது வரை இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.

என் ஸ்கூட்டரில் மதாமை ஏற்றிக்கொண்டு போனேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் வண்டி ஓட்டியதில்லை. பின்னால் அவர் என் தோளை இறுகப் பிடித்திருந்தார். விசா அலுவலக வாசலில் இறங்கியபோது பதினொன்று ஐம்பது. பதினொன்றரை நேரம் முடிந்துவிட்டது, அடுத்த ஆள் உள்ளே போய்விட்டார், மறுபடிதான் பதிவு செய்யவேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு முன்னால் நேரத்துக்கு வந்தவர்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்து நேரம் கிடைத்தது அடுத்த திங்கட்கிழமை.

மதாம் படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன்.

"என்னாதாம்மா ஆச்சி அந்தப் பொட்டிக்கு?" என்றார்.

"ரிப்பேர் மதாம். திடீர்னு ஆயிடிச்சி" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து, "நீ என்னா பண்ணுவ பாவம்" என்றார்.

ஒரு வாரம் தள்ளிப் போனது. விசா கிடைத்தது, மதாம் போனார். இவர் போய்ச் சேர்ந்தபோது லூயிக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கண் திறந்து பார்த்தாராம், கையைப் பிடித்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் போய்விட்டார். இதை மதாம் திரும்பி வந்து சொன்னபோது நான் ஏதோ தாளை ஸ்டேப்பிள் செய்துகொண்டிருந்தேன். ஏற்கெனவே ஸ்டேப்பிள் செய்த தாள்.

முசே அன்று என்னிடம், "அவங்ககிட்ட நீதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அவ்வப்போது, தாளில் கமா திருத்திக்கொண்டே, "சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

சொல்வதற்குப் பதிலாக மதாமுக்கு வேலை செய்து கொடுக்க ஆரம்பித்தேன். காஸ் பதிவு செய்வது, போன் ரீசார்ஜ் செய்வது, கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, எல்லாம் நான்தான். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு புள்ளயா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்தார். ஒருநாள் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் எனக்கு அறிமுகமே இல்லாத ஒரு அம்மா, "நீதான் அந்த நல்ல பொண்ணா?" என்று கேட்டுவிட்டு மீன் பையைக் கீழே வைத்து என் தலையில் கை வைத்தார். அன்று மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் வேறு ஒரு கதை ஓடியது. நாலு ஆறு போட்டதையும் சந்தனம் வைத்ததையும் வீட்டில் சொல்லிவிட்டேன். காத்துக்கொண்டிருந்த ஒரு மனுஷியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. ஆக, வீட்டுக்கு ஒரு பாதி, மதாமுக்கு ஒரு பாதி என்று கதையைப் பிரித்துக் கொடுத்திருந்தேன். வீட்டுப் பாதி அமோகமாக ஓடியது. யாராவது சாவியைத் தொலைத்தால், கதவு திறக்காவிட்டால், ஏடிஎம் பின் மறந்தால், "நாலு ஆறு போட்டுப் பாரு" என்பார்கள். அப்பா மட்டும் தன் கட்சியை விடவில்லை. "ஆறு தப்பில்ல. ஒரு ஆறு போட வேண்டிய எடத்துல நாலு போட்டா அது அஜீரணந்தான்" என்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் நெல்லித்தோப்பில் ஒரு சின்ன வீடு வாங்கினோம். ஆவணியில் புதுமனை புகுவிழா. மதாமைக் கூப்பிடாமல் இருக்க முடியுமா? பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, மாதா படம் ஒன்றைப் பரிசாக எடுத்துக்கொண்டு வந்தார். அவரை அப்பாவுக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்ததுதான் நான் செய்த தப்பு. வாசல் கதவின் புதுப்பூட்டு திறக்கவில்லை என்று யாரோ கத்தினார்கள். மொத்தப் பந்தியும் ஒரே குரலில், "நாலு ஆறு போட்டுப் பாரு!" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மதாமும் சிரித்துக்கொண்டே, "அது என்னாங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சொன்னார். ஒன்றுவிடாமல், நடித்தே காட்டினார். ராகுகாலம் முடியக் காத்திருந்தது, நாலு ஆறு, ரமேஷ் அண்ணனின் மௌனம், சந்தனம். "எந்த வருஷங்க?" என்றார் மதாம். சொன்னார். "என்னா கெழம?" திங்கட்கிழமை என்றார் அப்பா.

மதாம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கையில் சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"பொட்டி ரிப்பேர்னு சொன்னியே கலை."

"பொட்டி நல்லாத்தான் இருந்துது மதாம்" என்றேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவர் இலைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, மூன்று வருஷமாகச் சொல்லாத பாதியைச் சொன்னேன். சனிக்கிழமையே எடுத்து வைத்திருக்கலாம் என்பதையும், அந்த நாற்பது நிமிஷத்தையும். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதாம் தண்ணீர் டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு சொன்னார்.

"அந்த ஒரு வாரம் டெய்லி அவன் போன் பண்ணான். நான் வரலன்னு ஏங்கிக்கினு கெடந்தான். ஏன் வரல, என்னா ஆச்சின்னு டெய்லி கேட்டான். எனக்கு என்னா தெரியும்? பொட்டி ரிப்பேர்னு சொன்னேன். நீ அன்னிக்கே சொல்லியிருந்தா இதத்தான அவங்கிட்ட சொல்லியிருப்பேன். நாலு ஆறுன்னு." அவர் தன் வயிற்றைப் பிடித்துக் காட்டினார். "எப்பிடி சிரிச்சிருப்பான் தெரியுமா? மூச்சு வாங்கினாலும் சிரிச்சிருப்பான் கலை."

ஒரு வாரத்தைக் கெடுத்ததற்குத்தான் நான் மூன்று வருஷம் பயந்தேன். அவர் கேட்டது அதை இல்லை. அந்தச் சிரிப்பை நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இலையில் இருந்த பாயசத்தைச் சாப்பிட்டு முடித்தார். கிளம்பும்போது, "நவம்பர் ரெண்டாந்தேதி கல்லறத் திருநாளு. நீ எங்கூட வர்ற" என்றார்.

நவம்பர் இரண்டாம் தேதி உப்பளம் கல்லறைக்குப் போனேன். கூட்டம், பூ, மெழுகுவத்தி. லூயியைப் புதைத்தது பிரான்சில். ஆனால் அப்பா அம்மாவின் கல்லறைக் கல்லில் அவர் பெயரையும் மதாம் வெட்டி வைத்திருந்தார். மெழுகுவத்தி ஏற்றினோம். அவர் ஜெபம் சொல்லி முடித்தார்.

"சொல்லு" என்றார்.

"என்ன மதாம்?"

"அவனுக்குச் சொல்லு."

சுற்றிலும் ஆட்கள். நான் கல்லைப் பார்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு, "வணக்கங்க. போர்ட்னா என்னன்னா, ஒரு கட்டடத்துல பல கவுண்ட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் அவனுக்கு வாணாம். நேரா ராகுகாலத்துக்கு வா" என்றார் மதாம்.

இப்போது இது வருஷா வருஷம் நடக்கிறது. நவம்பர் பிறந்தால் வீட்டில் எல்லாரும், "என்னா, இந்த வருஷ ரிப்போர்ட் ரெடியா?" என்று கேட்பார்கள். போன வருஷம் அப்பாவும் கூட வந்து, ஆறாம் எண் சார்பில் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். நான் சொல்கிறேன். மதாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். நான் எங்கேயாவது அவசரப்பட்டால் கையைத் தொட்டு நிறுத்துகிறார். போன தடவை மழை வரும் போலிருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்பப் பார்த்தேன்.

"நில்லு. சந்தனத்த வுட்டுட்ட" என்றார். "அதுக்குத்தான் அவன் ரொம்ப சிரிப்பான்."